எண்களால் அழுத பெக்-லியன்

பெக்-லியன் நூற்றுப் பதினேழு படங்களில் நடித்ததாக ஒரு சினிமாப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். நூற்று நாற்பதுக்குக் குறையாது என்று அவள் சொல்வாள். அதில் எண்பத்தாறு படங்களுக்கு அவளுக்குத் தலை வாரிக் கொண்டை போட்டது நான். அந்த எண்பத்தாறில் அவள் பதினோரு முறை காசநோயில் செத்தாள். ஆறு முறை கிணற்றில் விழுந்தாள். இரண்டு முறை பேயாகத் திரும்பி வந்தாள். மாமியார் விரட்டிய மருமகளாக எத்தனை முறை மழையில் நின்றாள் என்று நான் எண்ணவில்லை. மழைக் காட்சி முடிந்ததும் அவள் தலையைத் துவட்டுவதுதான் என் வேலையிலேயே பெரிய வேலை.

நான் தாய்பேக்குப் பக்கத்து மலையூரான பெய்தோவில் பிறந்தவள். என் அம்மா வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றில் துண்டு துவைத்தாள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டு நானும் துண்டு சுமந்தேன். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டில் சினிமாக்காரர்கள் எங்கள் விடுதிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். தனியாக ஸ்டூடியோ போட வசதி இல்லாதவர்கள். விடுதியில் அறை இருந்தது, தோட்டம் இருந்தது, பேய்ப் படத்துக்கு வேண்டிய ஆவி ஓடையிலிருந்து சும்மாவே வந்தது. பத்து நாளில் ஒரு படத்தை முடித்துக்கொண்டு போவார்கள். ஒரே தோட்டத்தில் காலையில் ஒரு கம்பெனி கல்யாணம் எடுக்கும், மத்தியானம் இன்னொரு கம்பெனி கொலை எடுக்கும்.

ஒருநாள் தலை அலங்காரம் செய்கிறவள் வரவில்லை. துண்டோடு நின்றுகொண்டிருந்த என்னைப் பிடித்து ஒரு பெண்ணுக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். எனக்குப் பதினாலு வயது. அவளுக்குப் பதினேழு இருக்கும். அவசரத்தில் நான் ஊசியைத் தலையில் குத்திவிட்டேன்.

"மெதுவா. ஓடியா போகப்போறேன்?" என்றாள். "உன் பேர் என்ன?"

"குவாட்-தோ."

"பூச்செடி பேரு. எனக்கு அதுகூட இல்ல. அஞ்சாவதும் பொண்ணாப் போச்சுன்னு போங்-சின்னு வச்சாங்க. 'சரி, கிடக்கட்டும், வளர்ப்போம்'னு அர்த்தம். பெக்-லியன்ங்கறது கம்பெனிக்காரங்க வச்சது. வெள்ளைத் தாமரையாம். என் மூஞ்சியப் பாத்தா தாமரை மாதிரியா இருக்கு?" பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள், "சாப்பிட்டியா?"

அப்படிக் கேட்பது எங்களில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். தெருவில் எதிர்ப்படுகிறவரைக் கேட்போம், கடன்காரனைக்கூடக் கேட்போம். அக்கா (அவளை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) கேட்டதை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் அவள் குரல். தெற்கே உப்பளத்து ஊர்க்காரி அவள். கடல்காற்றுக்கு எதிராகப் பாத்திக்குப் பாத்தி கூப்பிட்டுப் பழகிய குரல். தணிந்து, கொஞ்சம் கரகரத்து, வாக்கியத்தின் முடிவில் கீழே இறங்கி உட்காரும். அந்தக் குரல் சாப்பிட்டியா என்று கேட்டால், சாப்பிட்டவளுக்கும் பசிக்கும். பதிலுக்கு அவள் காத்திருக்க மாட்டாள். கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாள்.

அன்றிலிருந்து நான் அவளோடேயே இருந்தேன்.

முதல் பன்னிரண்டு வருடம், நாங்கள் வீட்டில் பேசும் எங்கள் பேச்சில் எடுத்த படங்கள். படத்தை எடுத்துவிட்டு, தாய்பேயில் ஒரு கூடத்தில் உட்கார்ந்து, திரையில் தன் உதடு அசைவதைப் பார்த்துத் தன் குரலைத் தானே போடுவாள். ஊமையாக ஓடும் தன் முகத்துக்கு முன்னால் நின்று அழுவாள். வெளியில் வந்தால் சிரிப்பாள். சந்தையில் அவள் முக்காடு போட்டுக்கொண்டு போனால் யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்து கீரை கேட்டால் போதும், நாலு பெண்கள் திரும்பிவிடுவார்கள்.

"லியன்தானே? நேத்துதான் உன்னை ஆத்துல தள்ளினாங்க, இன்னைக்குக் கீரை வாங்க வந்துட்டியே" என்று கீரைக்காரி கேட்பாள்.

"ஆத்துல இருந்து நேரா இங்கதான் வர்றேன். ஈரம் காயல பாரு, நல்ல கட்டாக் குடு."

அந்தப் படங்கள் ஒன்றுகூட இன்று இல்லை. எழுபதுக்குப் பிறகு யாரும் அவற்றைக் கேட்கவில்லை. கம்பெனிக்காரர்கள் வேறு தொழிலுக்குப் போனார்கள். படச் சுருள்களைக் குளியலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் ஊரில் கந்தக ஆவி எதையும் விடாது. நான் துடைத்து வைக்கும் வெள்ளிக் கொண்டை ஊசி இரண்டு நாளில் கறுத்துவிடும். சில வருடம் கழித்து அந்த அறையைத் திறந்தபோது தகர டப்பாக்கள் துருப்பிடித்து மூடியோடு ஒட்டியிருந்தன. ஒன்றை நெம்பித் திறந்தேன். காடி வாசனை வந்தது. உள்ளே படச்சுருள், காயவைத்த கடற்பாசி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. அக்கா குனிந்து பார்த்தாள். தொடவில்லை.

"இது எந்தப் படம்?" என்று கேட்டாள்.

மேலே ஒட்டியிருந்த காகிதம் போய்விட்டது. தெரியவில்லை என்றேன். மற்ற ஊர்களில் இருந்த பிரதிகளுக்கும் அதே கதிதான் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அதற்குள் எல்லாம் அரசாங்க மொழியான மாண்டரினில் எடுக்கும் படம் என்று ஆகியிருந்தது. அக்காவின் முகம் கம்பெனிகளுக்கு வேண்டியிருந்தது. நாக்குதான் வேண்டியிருக்கவில்லை. மாண்டரின் அவளுக்கு வரவே இல்லை. முதல் மாண்டரின் படத்தில் ஒரு வசனத்தைப் பதினாறு தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் விளக்குக்காரர்கள் சிரித்தார்கள். இயக்குநர் வடக்கே இருந்து வந்த வயசானவர். கோபப்படவில்லை.

"லியன், எதுக்கு இந்தக் கஷ்டம்? எப்படியும் குரல் வேற ஆள்தான் குடுக்கப்போறாங்க. உனக்கு மாண்டரின்ல எண்ணத் தெரியுமா?"

"நூறு வரைக்கும் தெரியும்."

"போதும். எண்ணு. சின்ன வசனம்னா பத்து வரைக்கும். பெரிய வசனம்னா முப்பது. வாய் அசைஞ்சாப் போதும், மூஞ்சி உன் மூஞ்சி."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஈ, அர், சான், ஸு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பதினான்கு வருடம் அக்கா எண்ணினாள். கோபமாக எண்ணினாள், கெஞ்சி எண்ணினாள், செத்துக்கொண்டே எண்ணினாள். எந்த எண்ணில் தொண்டை அடைக்கவேண்டும், எதில் கண்ணீர் இறங்கவேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். எழுபதுக்கு மேல் போனால் அழுகை நிச்சயம். எழுபதுகளில் வாய் அகலமாகத் திறக்காது, அழ வசதி என்பாள். காமிரா கிர்ரென்று ஓட ஆரம்பித்ததும் அவள் உதட்டில் ஒன்று தானாக வந்து நிற்கும்.

ஒரு கதாநாயகன், புதுப் பையன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு உன்னைப் பிரிந்து எப்படி இருப்பேன் என்று நல்ல மாண்டரினில் உருகினான். அக்கா அவன் கண்ணைப் பார்த்து, "முப்பத்தேழு, முப்பத்தெட்டு" என்றாள். அவன் சிரித்துவிட்டான். மறுபடி எடுத்தார்கள். மறுபடி சிரித்தான்.

"உங்களுக்கு எங்க ஆரம்பிச்சா சிரிப்பு வராது, சொல்லுங்க. அறுபதுல இருந்து போகவா?" என்று கேட்டாள் அக்கா.

அவன் அவள் நெற்றியைப் பார்த்து நடித்து முடித்தான்.

அவளுக்குக் குரல் கொடுத்தது திருமதி ஷாங் என்ற அம்மாள். பதினான்கு வருடமும் அவர்தான். ஒரே ஒரு தடவைதான் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். அன்று தாய்பேயில் நானும் அக்காவும் ஒரு கொழுக்கட்டைக் கடையில் உட்கார்ந்திருந்தோம். பின்னால் யாரோ வந்து, பத்துக் கொழுக்கட்டை, சாறில் மிளகு வேண்டாம் என்று மாண்டரினில் சொன்னார்கள். அக்காவின் சாப்பாட்டுக்குச்சி நின்றுவிட்டது. திரையில் அக்கா செத்தபோது, அழுதபோது, பிள்ளையைத் தேடியபோது கேட்ட அதே குரல், மிளகு வேண்டாம் என்கிறது. திரும்பிப் பார்த்தேன். தடித்த கண்ணாடி போட்ட, குள்ளமான அம்மாள்.

கடைக்காரர் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார், "அம்மா, உங்க குரலை எங்கயோ கேட்டிருக்கேனே."

"சினிமாவுல இருக்கும்" என்று அவர் சிரித்தார்.

கடைக்காரர் அவருக்கு இரண்டு கொழுக்கட்டை கூட வைத்தார். எங்கள் மேசையில் இருந்த முகத்தை அவர் கவனிக்கவில்லை.

"போய்ப் பேசுங்க அக்கா" என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

"எந்தக் குரல்ல பேச?" என்றாள். அவ்வளவுதான். சாறு ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டோம்.

எண்பத்து நாலில் அந்தப் படங்களும் நின்றன. எங்கள் ஊர் விடுதிகளில் பாதி அதற்கு முன்பே பூட்டியாயிற்று. அக்கா மலைச்சரிவில் ஒரு மாடிவீட்டில் தனியாக இருந்தாள். கல்யாணம் என்று ஒன்று பேச்சில் வந்து பேச்சிலேயே போயிருந்தது. தெற்கே அவளுடைய அக்காமார்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். நான் ஒரு பியூட்டி பார்லரில் வேலைக்குச் சேர்ந்தேன். வேலை முடிந்ததும் மலையேறி அவளைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து கேட்கும்: "சாப்பிட்டியா?"

மத்தியானங்களில் டிவியில் பழைய மாண்டரின் படம் போடுவார்கள். அவள் நடித்தது வந்தால் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுப் பார்ப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூட இருந்தேன். திரையில் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்கிறாள்.

"இப்ப அறுபத்து நாலு சொல்றேன்" என்றாள் அக்கா. "அறுபத்து அஞ்சு. பாரு, இப்பத்தான் மகளை மன்னிக்கிறேன். அறுபத்து ஒம்பது. எழுபது. பாத்தியா?"

திரையில் கண்ணீர் இறங்கியது.

"நல்லா இருக்கு அக்கா" என்றேன்.

"என்ன நல்லா இருக்கு? சந்தையில மீன் எண்ணிக் குடுக்கிறவ மாதிரி இருக்கு." டிவியை அணைத்தாள். "தோ, நான் பேசின படம் எல்லாம் அழுகிப் போச்சு. அழுகாம இருக்கிற படத்துல நான் பேசல. நான் போனப்புறம் என் குரல் எப்படி இருந்துச்சுன்னு யாராவது கேட்டா நீ என்ன சொல்லுவ?"

எனக்குப் பேச்சு வராது. வெந்நீர் வைக்க எழுந்துபோனேன்.

எண்பத்தெட்டு இலையுதிர் காலத்தில் ஒரு நாள் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. சியூ என்று ஒரு இயக்குநர். முப்பது வயதுதான், தலை வாராமல் வந்திருந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"லியன் அக்கா, சின்ன வயசுல எங்க அம்மா என்னை உங்க படத்துக்குத் தூக்கிட்டுப் போவாங்க. அழறதுக்குன்னே ரெண்டு கைக்குட்டை எடுத்துக்குவாங்க."

"அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப நான் செத்துச் செத்து அவங்களைக் கொல்லல. உக்காருங்க."

அவர் ஒரு தாய் வேஷத்துக்கு வந்திருந்தார். பெய்தோ சந்தையில் மூங்கில் குருத்து விற்கும் விதவை. ஒரே மகன் படிக்க அமெரிக்கா போகிறான், திரும்பி வரப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். கதை அவ்வளவுதான்.

"நான் எப்பச் சாகணும்?" என்று கேட்டாள் அக்கா.

"சாக வேண்டாம் அக்கா. கடைசிவரைக்கும் இருக்கீங்க."

அக்கா என்னைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு," என்றார் அவர். "முழுக்க நம்ம பேச்சுல. எடுக்கிற இடத்துலேயே குரலையும் பிடிச்சிருவோம். உங்க குரல்தான் வேணும். அம்மா அதைப் பத்தித்தான் இன்னும் பேசுறாங்க."

அக்கா அவருக்குத் தேநீர் ஊற்றினாள். கோப்பை நிரம்பி வழிந்ததை அவள் கவனிக்கவில்லை. நான் துடைத்தேன்.

அவர் போன பிறகு சொன்னாள், "தோ, ஒரு படத்துல மிச்சம் இருந்தாப் போதும். ஒண்ணே ஒண்ணு."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவள் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வாள். ஒரு மாதம் இதுதான் வேலை. முக்கியமான காட்சி ஒன்றுதான். அடுப்படியில் தாய் குருத்து உரித்துக்கொண்டே மகனிடம் பேசுகிறாள். அது இப்படிப் போகும்: "போற இடத்துல குளிரும்கறாங்க. ரெண்டு சட்டையா போட்டுக்க. லெட்டர் போடணும்னு இல்ல. எனக்குப் படிக்கத் தெரியாது, பக்கத்து வீட்டுல குடுத்துப் படிக்கச் சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும். நல்லா இருக்கேன்னு அங்கயே இருந்து நினைச்சுக்க. எனக்கு வந்து சேந்துரும்."

வீட்டில் குருத்து உரித்துக்கொண்டே அதைச் சொல்லிப் பார்ப்பாள். நான் மகனாக உட்கார்ந்திருப்பேன். நினைச்சுக்க என்ற இடத்தில் குரல் இறங்கி உட்காரும்போது நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவேன். பத்துத் தடவை சொன்னாலும் பத்துத் தடவையும் அப்படித்தான்.

படப்பிடிப்பு பழைய வீடு ஒன்றின் அடுப்படியில். ஒலிப்பதிவுக்காரர் துவான் என்று ஒருவர். நீளக் கம்பில் மைக்கைத் தூக்கிக்கொண்டு, தெருவில் மோட்டார் சைக்கிள் போனால்கூட முகம் சுளிப்பார். அக்கா நாலு கிலோ குருத்தோடு உட்கார்ந்தாள். ஒத்திகை பார்த்தார்கள். சுத்தமாகச் சொன்னாள். துவான் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, "அம்மாடி, இந்தக் குரலை இத்தனை நாள் எங்க பூட்டி வச்சிருந்தாங்க?" என்றார்.

காமிரா ஓடத் தொடங்கியது. அக்கா ஒரு தோலை உரித்தாள். தலை நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். முகம் அப்படியே தாயாக இருந்தது. வாயைத் திறந்தாள்.

"ஈ, அர், சான், ஸு."

யாரும் சிரிக்கவில்லை. யாருக்கும் என்னவென்றே புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்தது. அவளுக்கும் புரிந்தது. கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"மன்னிச்சுக்கங்க. இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் அதுதான் வந்தது. மூன்றாவது தடவை, "போற இடத்துல" என்று ஆரம்பித்து, "அஞ்சு, ஆறு, ஏழு" என்று மாண்டரினில் போனது. காமிரா இல்லாமல் சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். காமிரா ஓடினால் எண்தான். அந்தக் கிர்ர் சத்தம்தான் என்று நான் துவானிடம் போய்ச் சொன்னேன். அவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் உடனே போர்வை கேட்டார். என் வீடு பக்கத்தில், ஓடிப்போய் என் பருத்தி மெத்தைப் போர்வையைக் கொண்டுவந்தேன். காமிராவைக் குழந்தை மாதிரி சுற்றினார்கள். சத்தம் கேட்கவே இல்லை. ஆனால் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியுமே. போர்வை அதிர்வதை அவள் கண் பார்த்துக்கொண்டிருந்தது.

பதினொரு தடவை எடுத்தார்கள். பதினொன்றாவதில் அவள் அழுதாள். கேட்காமலே வந்த அழுகை, எழுபது வரை போக வேண்டியிருக்கவில்லை. எட்டிலேயே வந்துவிட்டது.

சியூ அவள் பக்கத்தில் வந்து குந்தினார். உரித்த குருத்துகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டே பேசினார்.

"அக்கா, மூஞ்சி ரொம்ப நல்லா வந்திருக்கு. இதுக்கு மேல எனக்கு எதுவும் வேணாம்."

"குரல்?"

அவர் இன்னொரு குருத்தைப் பொறுக்கினார். அக்காவே சொல்லிவிட்டாள்.

"ரேடியோ நாடகத்துல நல்ல பொண்ணுங்க இருக்காங்க. போட்டுக்கங்க. படச்சுருள் என்ன விலை விக்குது. என்னால கெடவேணாம்."

எழுந்து, மடியில் ஒட்டிய தோலைத் தட்டிவிட்டு, கொல்லைப் பக்கம் குழாயடிக்குப் போனாள். நான் அங்கேதான் போய் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தை அவள் பார்க்கக்கூடாது என்று வந்திருந்தேன். அவள் கையைக் கழுவினாள். உள்ளே துவான், காலி அடுப்படியின் சத்தத்தை ஒரு நிமிஷம் பிடிக்கவேண்டும், யாரும் அசையாதீர்கள் என்று சொன்னாராம். ஒவ்வொரு இடத்திலும் கடைசியில் அப்படிப் பிடித்து வைத்துக்கொள்வார்களாம். கொல்லையில் இருந்த எங்களுக்கு அது கேட்கவில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள். "காலையில இருந்து ஒண்ணும் வயித்துல போடல நீ. கஞ்சி மூடி வச்சிருக்கேன். ஆறிடப் போவுது, போ."

துவான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "அக்கா, ஒரு நிமிஷம் பேசாம இருக்க மாட்டீங்களா? மறுபடி எடுக்கணும்."

"பேச வேண்டிய நேரத்துல பேசல, பேசக்கூடாத நேரத்துல பேசுறேன்," என்றாள் அக்கா. "எடுங்க, எடுங்க."

நான் போய்க் கஞ்சி குடித்தேன். சர்க்கரைவள்ளிக்கிழங்கு போட்ட கஞ்சி. அவள் குடிக்கவில்லை.

அடுத்த வருடம் வசந்த காலத்தில் படம் வந்தது. பெய்தோ தியேட்டரில் ஐந்து நாள் ஓடியது. அக்கா போக மறுத்துவிட்டாள்.

"பதினாலு வருஷம் ஒருத்தி குரல்ல செத்தேன். இப்ப இன்னொருத்தி குரல்ல உயிரோட இருக்கணுமா? நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

இரண்டாம் நாள் நான் தனியாகப் போனேன். பார்த்துவிட்டு மலையேறினேன். அவளிடம் என்னவென்று சொல்வது? சொன்னால் நம்பமாட்டாள். எனக்காகச் சொல்கிறாய் என்பாள். மூன்று நாள் கெஞ்சினேன்.

"என்னடி பிடிவாதம் இது, முப்பது வருஷத்துல நீ எதையும் கேட்டதில்லையே" என்று சொல்லிக்கொண்டே கடைசி நாள் மத்தியானக் காட்சிக்குப் விசேஷத்துக்கென்று வைத்திருந்த நல்ல கவுனைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

எங்களோடு சேர்த்து ஏழு பேர் இருந்தோம். தேசிய கீதம் போட்டார்கள், ஏழு பேரும் எழுந்து நின்றோம். முன்வரிசையில் ஒரு கிழவர் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு நின்றார்.

அடுப்படிக் காட்சி வந்தது. ரேடியோக்காரப் பெண் மிக நன்றாகப் பேசியிருந்தாள். ரெண்டு சட்டையா போட்டுக்க, லெட்டர் போடணும்னு இல்ல. எண்களுக்கு அசைந்த உதட்டில் அந்த வார்த்தைகள் எப்படியோ பொருந்தியிருந்தன. அக்கா திரையைப் பார்க்கவில்லை. மடியில் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகன் போய்விட்டான். கடைசிக் காட்சி. காலி அடுப்படி மட்டும். ஆள் இல்லை. குழாய் சொட்டுகிறது. பலகையில் பாதி உரித்த குருத்து. ரொம்ப நேரம் அப்படியே இருக்கிறது. பிறகு கொல்லைப் பக்கமிருந்து ஒரு குரல்.

"சாப்பிட்டியா? காலையில இருந்து ஒண்ணும் வயித்துல போடல நீ. கஞ்சி மூடி வச்சிருக்கேன். ஆறிடப் போவுது, போ."

யாரும் வந்து சாப்பிடவில்லை. படம் முடிந்தது. விளக்கு போட்டார்கள்.

நான் அக்காவைத் திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கடைசில பேசினாளே, அது யாரு?" என்று கேட்டாள். "ரேடியோக்காரி இல்ல. இது வேற யாரோ. வயசானவ. நல்லா இருந்துச்சு, கேட்டியா? நடிக்கவே இல்ல அவ."

"அக்கா."

"ம்."

"அது நீங்க."

"போடி."

"கொல்லையில. குழாய்கிட்ட. துவான் தலைய நீட்டித் திட்டினாரே. கஞ்சி வச்சிருந்தீங்களே."

பத்தொன்பது வருடமாக அவள் தன் குரலை வெளியிலிருந்து கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழகாத குரலை யார் தன்னுடையது என்பார்கள்?

"நான் இவ்வளவு கரகரன்னா பேசுறேன்?"

"ஆமா."

"உன்கிட்டயா அதைச் சொன்னேன்?"

"என்கிட்டதான்."

துடைப்பத்தோடு ஒருவர் வரிசை வரிசையாக வந்தார். எங்கள் காலடியில் பெருக்கிவிட்டு, "இன்னொரு ஷோ இருக்கு, உக்காரணும்னா உக்காருங்க. வாசல்ல ஒருத்தரும் நிக்கல. நீங்க போயிட்டா நான் காலி நாற்காலிக்குத்தான் படம் காட்டணும்" என்றார்.

உட்கார்ந்திருந்தோம். கிழவரும் போகவில்லை. மறுபடி தேசிய கீதம். மூன்று பேர் எழுந்து நின்றோம். படம் முழுக்க அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாளோ என்று நினைத்தேன். கடைசிக் காட்சியில் குழாய் சொட்ட ஆரம்பித்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டது அவள் குரல்.

"ஆச்சு, ஆச்சு" என்றார் முன்வரிசைக் கிழவர், கடலை மென்றுகொண்டே. யார் கேட்டாலும் சொல்வதுபோல, யோசிக்காமல் சொன்னார்.

அக்காவின் பிடி இறுகியது. விளக்கு வந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. கிழவர் எங்களைக் கடந்து போனபோது அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவள் நடிக்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. இன்னும் பதினேழு வருடம் அந்த மாடிவீட்டில் இருந்தாள். நான் வேலை முடிந்து மலையேறிப் போவேன், செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள். ஒன்று மட்டும் மாறியிருந்தது. முன்னெல்லாம் பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள் என்று சொன்னேனே. இப்போது கேட்டுவிட்டு, குரல் எங்கே போய் விழுந்தது என்று பார்ப்பவள்போல, கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள்.

பார்லரிலேயே சாப்பிட்டிருந்தாலும் நான், "இன்னும் இல்ல அக்கா" என்பேன். அப்போதுதான் கஞ்சி ஆறிடப் போவுது என்று மீதியையும் சொல்வாள்.